பேர் கேட்காத கூறு

நாலு மணிக்கே கத்தி தீட்டுகிற சத்தம்.
லைன் வீட்டுக்குப் பின்னால், வேம்படியில்,
ராக்கியப்பன் வந்துவிட்டார்.
கிடாய் கத்தவில்லை.
நேற்று ராத்திரியே கத்தி முடித்துவிட்டது.

நான் போகவில்லை.
ஒன்பது தீபாவளியாய் அங்கே குச்சி பிடித்தவன்.
தேக்கிலை விரித்து, கறியைக் கூறு போட்டு,
கூறுக்கு ஒரு நெஞ்செலும்பு, ஒரு துண்டு ஈரல்,
கொழுப்பை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் தள்ளி,
ஒரு கூறைக் குச்சியால் தொட்டு
"இது யாருக்கு?" என்பேன்.
முதுகு காட்டி நிற்கும் பொடியன்
வாய்க்கு வந்த பேரைச் சொல்வான்.
தராசு வேண்டாம்.
பார்க்காதவன் சொன்னால் சண்டை வராது.

கடைசிக் கூறுக்கு மட்டும் கேட்கமாட்டோம்.
பணம் கட்டினவர்களைவிட எப்போதும் ஒன்று அதிகம்.
அது எந்த வீட்டுக்கென்று
எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் சொல்வதில்லை.

இந்த வருசம் சோமனூரில் எங்கள் தறி நின்று நாற்பத்தாறு நாள்.
பாவு ஏற்றினது ஏற்றினபடி, நூலெல்லாம் தூசி.
மற்றவர்கள் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்கு, பஸ் ஏறினார்கள்.
நான் ஏறவில்லை. வீம்புதான்.
கிடாய்க்கு எடுத்து வைத்த ஆயிரத்து இருநூறு
மளிகைக் கடைக்குப் போனது.

படுத்தபடியே எண்ணினேன்.
சென்னியப்பன். பாவாத்தாள். ஒடிசாக்கார ரஞ்சன்.
பொடியன் குரல் குளிரில் நடுங்குகிறது.
நாச்சிமுத்து. அங்கப்பன்.
பதினொன்று வரைக்கும் வந்தது.
அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

செருப்புச் சத்தம் வந்தது, நின்றது, போனது.
தாழ்ப்பாளில் ஒரு பை.

"எடுக்கறதா?" என்றாள் கருணாம்பாள்.
நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.
லாரி இடித்துக் கால் போன வருசம்
அங்கப்பன் வீட்டுத் தாழ்ப்பாளில் இதை மாட்டியவன் நானே.
ஒரு வாரம் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நன்றி கெட்டவன் என்று நினைத்திருந்தேன்.

அவள் பையைப் பிரித்தாள்.
ஈரல் மூன்று துண்டு.
ஒன்றுதான் வரவேண்டும்.
குச்சி பிடித்த கைக்குத் தெரியாதா,
யாரோ இரண்டு பேர் தங்கள் இலையிலிருந்து நகர்த்தியிருக்கிறார்கள்,
இருட்டில், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

அவள் பேசவில்லை.
சின்ன வெங்காயம் இருந்தது மொத்தமும் உரித்தாள்.
வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறினாள்.
தேங்காயைப் பல்லுப் பல்லாய்க் கீறினாள்.
மசாலா கிடையாது எங்கள் பக்கம்,
கறியும் காரமும் தாங்களே பேசிக்கொள்ளும்.
பிறகு தண்ணீர் ஊற்றினாள்,
ஊற்றினாள்,
"ஏனம்மிணி, இது வறுவலா கொழம்பா?" என்றேன்.
"பதினோரு வீட்டுக்குப் பத்தோணுமில்ல" என்றாள்.

எங்களிடம் இருந்தது நாலு போசி.
மிச்சத்துக்கு டம்ளர், எண்ணெய்த் தூக்கு,
குழந்தையின் பள்ளிக்கூட டப்பா.
ஆளுக்கு இரண்டு துண்டு, நிறைய சாறு.
மூன்று நடை நடந்தேன்.
யாரும் எதற்கு என்று கேட்கவில்லை.
பாவாத்தாள் மட்டும் மூடியைத் திறந்து மோந்து
"தேங்காய் தாராளமா இருக்குதுங்" என்றாள்.

சாயங்காலம் பாத்திரங்கள் திரும்ப ஆரம்பித்தன.
வெறும் பாத்திரம் திருப்பினால் ஆகாது இங்கே.
ஒன்றில் கச்சாயம், ஒன்றில் ஒப்புட்டு,
ரஞ்சன் வீட்டிலிருந்து ஏதோ வெல்லம் வைத்த பலகாரம்,
பேர் சொன்னான், என் நாக்குக்கு வரவில்லை.
சென்னியப்பன் வீட்டு டம்ளரில் அரை டம்ளர் சர்க்கரை,
அவர்களுக்கு வேறொன்றும் அகப்படவில்லை போல.

அங்கப்பன் கட்டையை ஊன்றி ஊன்றிக் கடைசியாய் வந்தான்.
தூக்கைக் கழுவித் துடைத்திருந்தான். உள்ளே ஒன்றுமில்லை.
என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"உப்புக் கொஞ்சம் தூக்கலுங்ணா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"அடுத்த வருசம் குச்சி நீ பிடி," என்றேன்.
"நான் திரும்பி நிக்கறேன்."